நியூயார்க்கில் எல்எல்.எம்., பிறகு பார் தேர்வு: எந்த லேப்டாப் வாங்குவது?

சட்டமும்_நானும்:

வணக்கம். சென்னையில் ஐந்து வருட பி.ஏ. எல்எல்.பி. கடைசி செமஸ்டர். ஆகஸ்டில் நியூயார்க்கில் எல்எல்.எம். (சட்ட முதுநிலைப் படிப்பு) சேர்கிறேன், அது முடிந்ததும் அடுத்த ஜூலையில் நியூயார்க் பார் தேர்வு, அதாவது வழக்கறிஞர் உரிமத் தேர்வு, எழுதுவதாகத் திட்டம். இங்கே பல்கலைக்கழகத் தேர்வெல்லாம் பேனாவும் விடைத்தாளும்தான். அங்கே நம் சொந்த லேப்டாப்பிலேயே தேர்வு எழுத வேண்டும், எக்ஸாம்ப்ளிஃபை என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கல்லூரியிலிருந்து மெயில் வந்திருக்கிறது.

பட்ஜெட் 90,000 ரூபாய். கடைக்காரர் ஸ்னாப்டிராகன் சிப் உள்ள ஒன்றைக் காட்டி, பேட்டரி நாள் முழுக்க நிற்கும் என்கிறார். அப்பா, வாங்குவதுதான் வாங்குகிறோம், நல்ல கேமிங் லேப்டாப்பாக வாங்கிவிடலாம் என்கிறார். அண்ணனுடைய ஆபீஸில் கழித்துவிடும் ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ரேம் லேப்டாப் ஒன்றும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். இந்த மூன்றில் எது சரி? மேக் வாங்கலாமா? தமிழிலும் டைப் செய்வேன், அதனால் ஏதாவது தொல்லை வருமா?

ஹட்சன்_கரை:

முதல் விஷயம், அந்த ஸ்னாப்டிராகன் லேப்டாப்பை வாங்காதீர்கள். லேப்டாப்பில் குறை இல்லை. பேட்டரியைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதும் பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அது ஆர்ம் வகை சிப். எக்ஸாம்ப்ளிஃபை போன்ற தேர்வு மென்பொருள்கள் விண்டோஸின் உள்ளே ஆழமாகப் போய் இணையத்தை நிறுத்தும், மற்ற செயலிகளைப் பூட்டும். இந்த வேலைக்கு இன்டெல் அல்லது ஏஎம்டி சிப்பை நம்பித்தான் அவை எழுதப்பட்டிருக்கின்றன. வேர்டும் குரோமும் ஆர்மில் அழகாக ஓடும், தேர்வு மென்பொருள் மட்டும் இன்ஸ்டால் ஆகும்போதே கையை விரிக்கும். செமஸ்டர் பாதியில் இது தெரியவந்தால் இன்னொரு லேப்டாப்புக்கு அலைய வேண்டியதுதான்.

ஒரே பெயரில் இரண்டு வகை சிப்பும் வருகிறது, குழப்பம் அங்கேதான். டெல் எக்ஸ்பிஎஸ் 13-இல் 9345 என்ற எண் ஸ்னாப்டிராகன், 9350 இன்டெல். லெனோவோ திங்க்பேட் டி14எஸ் ஆறாம் தலைமுறை இன்டெல், ஏஎம்டி, ஸ்னாப்டிராகன் மூன்றிலும் உண்டு. 2024 ஜூனில் வந்த சர்ஃபேஸ் லேப்டாப் ஸ்னாப்டிராகன். அட்டைப்பெட்டியில் உள்ள பெயரை நம்பாதீர்கள். கடையில் ஆன் செய்யச் சொல்லி செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போங்கள். 'சிஸ்டம் டைப்' என்ற வரியில் எக்ஸ்64 (இன்டெல், ஏஎம்டி வகை) என்று இருந்தால் சரி, ஆர்ம் என்று இருந்தால் வேண்டாம். குரோம்புக், ஐபேட் இவற்றை வைத்துச் சட்டக் கல்லூரியிலும் பார் தேர்விலும் சமாளித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அதே பக்கத்தில் விண்டோஸ் பதிப்பையும் பார்த்துவிடுங்கள். ஹோம், ப்ரோ எதுவானாலும் பரவாயில்லை. 'எஸ் மோட்' என்று இருந்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருக்கும் செயலிகளைத் தவிர வேறெதையும் போட முடியாது, தேர்வு மென்பொருளையும்தான். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் வழியாகப் போனால் அதிலிருந்து இலவசமாக வெளியே வரலாம், ஆனால் திரும்ப உள்ளே போக முடியாது. போகவும் தேவை இல்லை.

கேமிங் லேப்டாப் பற்றி அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: சட்டப் படிப்பில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒரு வேலையும் இல்லை. எடை இரண்டேகால் கிலோவுக்கு மேல், சார்ஜர் தனியே அரை கிலோவைத் தாண்டும், சார்ஜரைக் கழற்றினால் நாலு மணி நேரம் தாங்குவதே கஷ்டம். சப்வேயில் தினமும் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அது சரிப்படாது. அமைதியான தேர்வு அறையில் ஃபேன் இரைந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் இடைஞ்சல்.

வாங்க வேண்டியது இதுதான்: இன்டெல் கோர் அல்ட்ரா 5 அல்லது ஏஎம்டி ரைசன் 5, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 14 அங்குலத் திரை, எடை ஒன்றரை கிலோவுக்குள். திரை 16:10 விகிதத்தில் இருக்கட்டும், பழைய 16:9-ஐ விட உயரம் கூடுதல், தீர்ப்புகள் படிக்கும்போது ஓரிரு வரி அதிகம் தெரியும். திரையில் ஃபுல் எச்டி ரகமே போதும். 4கே தேவை இல்லை. எக்ஸாம்ப்ளிஃபை திரை ஸ்கேலிங்கை (எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் அளவை) 100 சதவீதத்தில் எதிர்பார்க்கிறது, 14 அங்குலத்தில் 4கே வைத்து 100 சதவீதம் போட்டால் எழுத்து எறும்பு மாதிரி தெரியும். உங்கள் பட்ஜெட்டில் திங்க்பேட் இ14, திங்க்புக் 14, எச்பி ப்ரோபுக் வரிசைகளைப் பாருங்கள், ஜென்புக் 14 தள்ளுபடியில் வரும்போது அதையும் பாருங்கள். ஆனால் மாடலை முடிவு செய்யும் முன் கல்லூரி அனுப்பிய மெயிலில் உள்ள குறைந்தபட்சத் தேவைப் பட்டியலை வரி வரியாக ஒப்பிட்டுவிடுங்கள். அந்தப் பட்டியல் வருடத்துக்கு வருடம் மாறும்.

கீபோர்டைத் தொட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள், நியூயார்க் பார் தேர்வில் அதுதான் உங்கள் ஆயுதம். முதல் நாளில் மூன்று மணி நேரத்தில் ஆறு கட்டுரை, இன்னொரு மூன்று மணி நேரத்தில் இரண்டு செயல்முறைக் கேள்விகள், இவைதான் லேப்டாப்பில். கட்டுரைக்கு அரை மணி. படிக்கவும் யோசிக்கவும் 12 நிமிடம் போனால் எழுத 18 நிமிடம். நிமிடத்துக்கு 25 சொல் அடிப்பவர் 450 சொல்லில் நிற்பார், 45 அடிப்பவர் 810 வரை போவார். இத்தனை காலம் கையால் எழுதியவர்கள் லேப்டாப் வாங்கிய அன்றே டைப்பிங் பயிற்சியையும் தொடங்கிவிட வேண்டும். இரண்டாம் நாள் 200 கொள்குறிக் கேள்விகள், அது தாளும் பென்சிலும்தான்.

மேக்_பக்கம்:

மேக் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. மேக்கில் உள்ள எம் வரிசைச் சிப்பும் ஆர்ம் வகைதான், ஆனால் எக்ஸாம்ப்ளிஃபைக்கு மேக் பதிப்பு தனியே இருக்கிறது, அது எம் வரிசையில் ஓடும். மேலே சொன்ன தடை விண்டோஸ் ஆர்முக்கு மட்டும்தான். இந்த வித்தியாசம் தெரியாமல் பலர் குழம்புகிறார்கள்.

மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது, சத்தமும் இல்லை. 13 அங்குலம் 1.24 கிலோ. 2024 அக்டோபருக்குப் பிறகு அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி ரேம் வருகிறது, அதற்கு முந்தைய 8 ஜிபி பதிப்பு இப்போது தள்ளுபடியில் கிடைத்தாலும் ஒதுக்கிவிடுங்கள். ரேமைப் பிறகு கூட்ட முடியாது. மாணவர் விலை இந்தியாவிலும் உண்டு, அமெரிக்காவிலும் உண்டு. அமெரிக்காவில் போய் வாங்கினால் ஒட்டியிருக்கும் விலையில் வரி சேர்ந்திருக்காது, நியூயார்க் நகரத்தில் பில்லில் 8.875 சதவீதம் ஏறும். இதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் ஒப்பீடு சரியாக வரும்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, ஆப்பிள் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் புது மேக்ஓஎஸ் விடும். உங்கள் முதல் செமஸ்டர் தேர்வு டிசம்பரில். தேர்வு மென்பொருள் நிறுவனம் புதிய பதிப்பைச் சோதித்து ஒப்புதல் தரக் கொஞ்ச காலம் எடுக்கும், அதற்குள் ஆர்வத்தில் அப்டேட் போட்டவர்கள் ஒவ்வொரு வருடமும் மாட்டிக்கொள்கிறார்கள். தானியங்கி அப்டேட்டை வாங்கியதும் அணைத்துவிடுங்கள், பழைய பதிப்புக்குத் திரும்புவது மேக்கில் பெரிய வேலை. இரண்டு, பேரலல்ஸ் மாதிரி மெய்நிகர் கணினிக்குள் விண்டோஸ் ஓட்டி அதில் தேர்வு எழுதலாம் என்று நினைக்காதீர்கள். மென்பொருள் அதைக் கண்டுபிடித்து நின்றுவிடும்.

கீபோர்டில் மட்டும் திங்க்பேட் ஒரு படி மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேக்கில் விசை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் இறங்கும். சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்கு மேசையைத் தட்டுவது மாதிரி இருக்கும். கடையில் நின்று ஒரு பத்தி அடித்துப் பாருங்கள்.

தேர்வறை_உதவி:

எந்த லேப்டாப் என்பதை மேலே சொல்லிவிட்டார்கள். நல்ல லேப்டாப் வைத்திருந்தும் தேர்வில் சிக்கிக்கொள்வது எங்கே என்று நான் எழுதுகிறேன்.

எக்ஸாம்ப்ளிஃபை பூட்டிய தேர்வாக இருந்தால் இணையம் துண்டிக்கப்படும், வேறு ஜன்னல் திறக்காது, இரண்டாவது மானிட்டரை ஏற்காது. இதைச் செய்ய அதற்கு அட்மின் அனுமதி வேண்டும். அதனால் கணினியில் உங்கள் கணக்கு அட்மின் கணக்காக இருக்க வேண்டும். புது லேப்டாப்போடு இலவசமாக ஒட்டிக்கொண்டு வரும் ஆன்டிவைரஸை முதலில் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். தேர்வு மென்பொருள் மற்ற செயலிகளை நிறுத்த முயல்வதைப் பார்த்து, அதையே வைரஸ் என்று நினைத்துத் தடுத்துவிடும். விண்டோஸில் கூடவே வரும் டிஃபெண்டர் போதும். விபிஎன், கிராமர்லி, திரையைப் பகிரும் செயலி எல்லாவற்றையும் தேர்வுக்கு முன் மூடிவிடுங்கள்.

வரிசை இப்படி: கல்லூரி தரும் இணைப்பிலிருந்து மென்பொருளை இறக்கி, நிறுவன அடையாளத்தைக் கொடுத்துப் பதிவு செய்வது. பிறகு மாதிரித் தேர்வு ஒன்றை முழுதாக எழுதி, அப்லோட் வரை போவது. பாதிப் பேர் மாதிரித் தேர்வைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள், சோதிக்க வேண்டியதே அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். உண்மைத் தேர்வுக் கோப்பை முதல் நாளே இறக்கி வையுங்கள். தேர்வு அறை வைஃபையில் நூறு பேர் ஒரே நேரத்தில் இறக்கும்போது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்கு முன் விண்டோஸ் அப்டேட் எல்லாவற்றையும் முடித்து, ரீஸ்டார்ட் செய்து, பிறகு அப்டேட்டை நிறுத்தி வையுங்கள். விண்டோஸ் 11-இல் ஐந்து வாரம் வரை நிறுத்தலாம். ஸ்லீப் நேரத்தை 'ஒருபோதும் இல்லை' என்று மாற்றுங்கள், யோசித்துக்கொண்டே இருக்கும்போது திரை அணையக் கூடாது.

எல்லாக் கல்லூரியும் எக்ஸாம்ப்ளிஃபை இல்லை. சில இடங்களில் எக்ஸாம்4 என்ற வேறு தேர்வு மென்பொருள். அது ஒவ்வொரு செமஸ்டருக்கும் புதிதாக வரும், போன செமஸ்டரில் போட்டதை வைத்துக்கொண்டு இந்தத் தேர்வுக்குப் போனால் ஓடாது.

நடுவில் உறைந்துவிட்டால்: கையைத் தூக்கிக் கண்காணிப்பாளரைக் கூப்பிடுங்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து மறுபடி ஆன் செய்தால், விட்ட இடத்திலிருந்து திறக்கும். விடை நிமிடத்துக்கு ஒருமுறை ஹார்டு டிஸ்கில் பூட்டிய கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. போவது அதிகபட்சம் கடைசி நிமிடம் அடித்ததுதான். செய்யவே கூடாதது, பதற்றத்தில் மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்வது. விடைக் கோப்புக்கே அது ஆபத்து. லேப்டாப் திரும்ப வரவில்லை என்றால் கையால் எழுதித் தொடரலாம். அதனால் பேனாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

முடிந்ததும் பச்சைத் திரை வரும் வரை லேப்டாப்பை மூடாதீர்கள், விடை போய்ச் சேர்ந்ததற்கு அதுதான் அத்தாட்சி. 2014 ஜூலை பார் தேர்வில் பல மாநிலங்களில் முதல் நாள் மாலை ஆயிரக்கணக்கானோர் அப்லோட் ஆகாமல் தவித்தார்கள், கடைசியில் மாநிலங்கள் கெடுவை நீட்டித்தன. விடைகள் அவரவர் கணினியில் பத்திரமாகத்தான் இருந்தன. 2021 ஜூலையில் வீட்டிலிருந்து வீடியோக் கண்காணிப்போடு எழுதிய தேர்வில் பலருக்குத் திரை கறுத்து நின்றது, காரணம் மென்பொருள் மெமரியை அதிகமாகப் பிடித்ததுதான் என்று சொல்லப்பட்டது. 8 ஜிபி போதும் என்று குறைந்தபட்சப் பட்டியலில் இருந்தாலும் 16 ஜிபி வாங்கச் சொல்வது இதனால்தான்.

ஒரு சின்னத் தகவல். 2026 ஜூலை முதல் சில மாநிலங்களில் நெக்ஸ்ட்ஜென் என்ற புதிய பார் தேர்வு வருகிறது. அதில் கொள்குறிக் கேள்விகளும் லேப்டாப்பில்தான், மூன்று மணி நேரப் பகுதிகள் மூன்று. நியூயார்க் 2028 ஜூலையில்தான் அதற்கு மாறுகிறது. ஊர் மாற்றும் எண்ணம் வந்தால் அந்த மாநிலத்தில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டமும்_நானும்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஸ்னாப்டிராகனும் கேமிங்கும் பட்டியலிலிருந்து போய்விட்டன. அண்ணனுடைய ஆபீஸ் லேப்டாப்பைப் பற்றி மட்டும் இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை. தமிழ் கீபோர்டு பற்றியும் சொல்லுங்கள். நான் என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைப் பயன்படுத்துகிறேன்.

ரிச்சி_தெரு_வாசி:

பழைய ஆபீஸ் லேப்டாப் வாங்குவதில் தப்பில்லை, சோதிக்காமல் வாங்குவதுதான் தப்பு. எட்டாம் தலைமுறை இன்டெல் என்றால் விண்டோஸ் 11 ஏறும், அதற்கு முந்தையது என்றால் ஏறாது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, அதை வைத்து இனி இரண்டு வருடம் ஓட்டத் திட்டம் போட வேண்டாம்.

ஆபீஸ் மெஷினில் வரும் பெரிய சிக்கல் பூட்டுதான். நிறுவனத்தின் மேலாண்மை மென்பொருளில் அது இன்னும் பதிவாகி இருந்தால், விண்டோஸை அழித்துப் போட்டாலும் முதல் முறை இணையத்தில் சேரும்போது அந்த நிறுவனத்தின் லாகின் பக்கம் வந்து நிற்கும். பயாஸ் பாஸ்வேர்டும் (விண்டோஸ் தொடங்கும் முன் கணினியே கேட்பது) அப்படியே. ஐடி பிரிவில் பதிவிலிருந்து நீக்கிவிட்டதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் கண் முன்னாலேயே விண்டோஸைப் புதிதாகப் போட்டு, வைஃபையில் சேர்த்து, உங்கள் கணக்கில் உள்ளே போக முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கிராக் போட்ட விண்டோஸ் கூடவே கூடாது, தேர்வு மென்பொருள் அசல் விண்டோஸைத்தான் கேட்கும்.

பேட்டரியைப் பொறுத்தவரை, கமாண்ட் பிராம்ப்டில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்க ஒரு கட்டளை இருக்கிறது, அண்ணனின் ஐடி நண்பருக்குத் தெரியும். அதில் வடிவமைப்புக் கொள்ளளவு, இப்போதைய முழு சார்ஜ் கொள்ளளவு என்று இரண்டு எண் வரும். இரண்டாவது முதலாவதில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பேட்டரியை மாற்றுங்கள். தேர்வு அறையில் பிளக் பாயின்ட் பெரும்பாலும் இருக்கும், ஆனால் மூன்று மணி நேரம் பேட்டரியிலேயே தாங்கும் லேப்டாப்போடு போவதுதான் நிம்மதி. 8 ஜிபி ரேமை 16 ஆக்க முடியுமா என்பது மாடலைப் பொறுத்தது, சிலவற்றில் ஒரு ஸ்லாட் காலியாக இருக்கும், சிலவற்றில் போர்டோடு பற்றவைத்திருக்கும். பேட்டரி, ரேம் இரண்டும் போட்டு 15,000 ரூபாய்க்குள் முடியும் என்றால் அதைத் துணை லேப்டாப்பாக எடுத்துக்கொண்டு போகலாம். முதன்மை லேப்டாப்பாக நான் சொல்ல மாட்டேன். உங்களுக்குப் பட்ஜெட் இருக்கிறது, அத்தனை செலவு செய்து படிக்கப் போகும்போது ஏழெட்டு வருடப் பழைய மதர்போர்டை நம்ப வேண்டாம்.

புதுசோ பழசோ, இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது: பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் டிஸ்க் பூட்டு. இப்போது விற்கும் பெரும்பாலான விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், உங்களுக்கு அது தெரியவே தெரியாது. ஒரு பயாஸ் அப்டேட் ஆனதும் திடீரென நீலத் திரையில் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். தேர்வு நாள் காலையில் போனை லாக்கரில் வைத்த பிறகு கேட்டால் என்ன செய்வீர்கள்? இன்றே கணக்கில் நுழைந்து சாவியைத் தாளில் எழுதி லேப்டாப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாப்பும்_கீபோர்டும்:

தமிழ் கீபோர்டுக்கு நான். என்எச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை இவை மூன்றுமே பின்னணியில் ஓடிக்கொண்டு நீங்கள் அடிக்கும் விசையை இடைமறித்து மாற்றுபவை. விசைகளைக் காவல் காக்கும் தேர்வு மென்பொருளுக்கு அது சந்தேகத்துக்குரிய வேலை. அன்இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. கணினி தொடங்கும்போது தானாக ஓடும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், தேவைப்படும்போது நீங்களே திறந்துகொள்ளலாம்.

விண்டோஸில் உள்ளேயே தமிழ் கீபோர்டு சேர்த்திருந்தால் அதில் வேறு ஆபத்து. விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் தவறிச் சேர்ந்து பட்டால் மொழி மாறும், பூட்டிய திரையில் மொழிக் குறியீடு தெரியாததால் ஏன் தமிழ் எழுத்து விழுகிறது என்று புரியாமல் முழிக்க வேண்டி வரும். தேர்வு வாரத்தில் மொழிப் பட்டியலில் ஆங்கிலம் (அமெரிக்கா) மட்டும் இருக்கட்டும். ஆங்கிலம் (பிரிட்டன்) இருந்தால் அதையும் எடுங்கள், மேற்கோள் குறியும் அட் குறியும் இடம் மாறிவிடும்.

சட்டப் பிரிவுக் குறியீடு (§) பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்க வேண்டியது. மேக்கில் ஆப்ஷனும் 6-உம் சேர்த்து அழுத்தினால் வரும். விண்டோஸில் ஆல்ட் பிடித்து 0167, ஆனால் அது எண் பலகையில் அடித்தால்தான் வேலை செய்யும், 14 அங்குல லேப்டாப்பில் எண் பலகை பெரும்பாலும் இருக்காது. தேர்வில் 'செக்ஷன்' என்று ஆங்கில எழுத்திலேயே அடித்துவிட்டுப் போங்கள், மதிப்பெண் குறையாது. வேர்டில் எழுதும்போது ஆட்டோகரெக்டில் ஒரு சுருக்கெழுத்து வைத்துக்கொள்ளலாம். வேர்டு பெரும்பாலும் கல்லூரிக் கணக்கிலேயே இலவசமாகக் கிடைக்கும், இங்கே காசு கொடுத்து வாங்கிவிடாதீர்கள்.

ஹட்சன்_கரை:

இந்தியாவில் வாங்குவதாக இருந்தால் கிளம்பும் முன் இரண்டு விஷயம். சார்ஜர் செங்கல்லில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும், மின்னழுத்த மாற்றி தேவை இல்லை. சுவரில் செருகும் ஒயரை மட்டும் அமெரிக்கப் பின்னுக்கு மாற்றினால் போதும், அங்கேயே சில டாலருக்குக் கிடைக்கும். தளர்வான அடாப்டரைச் சொருகித் தேர்வு எழுத வேண்டாம், காலில் தட்டினாலே கழன்றுவிடும். வாரன்டி நாடு கடந்து செல்லுமா என்று மாடல் வாரியாகக் கேளுங்கள். ஒரே நிறுவனத்திலேயே அலுவலக வரிசைக்கு உண்டு, வீட்டு உபயோக வரிசைக்கு இல்லை என்று இருக்கும்.

வகுப்பில் லேப்டாப்பையே திறக்கக் கூடாது என்று சொல்லும் பேராசிரியர்களும் அமெரிக்காவில் நிறைய. இரண்டு நல்ல நோட்டுப் புத்தகத்தையும் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

சட்டமும்_நானும்:

திங்க்பேட் இ14, இன்டெல், 16 ஜிபி. நாளை கடையில் கீபோர்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, அபவுட் பக்கத்தையும் படம் எடுத்து இங்கே போடுகிறேன். வாரன்டி பதிலையும் எழுதுகிறேன்.